மச்சுவீட்டுப் படத்தின் மூடிய கை

மச்சுவீட்டுக் கூடத்தில் அந்தப் படத்தின் மேல் ஒரு மஞ்சள் துணி தொங்கிக்கொண்டிருந்தது. சாமி படத்துக்குத் திரை போட்டுப் பார்த்திருக்கிறேன். ஒரு குழந்தையின் படத்துக்குத் திரை போட்டு அன்றுதான் பார்த்தேன்.

மார்கழிக் காலை. மலையிலிருந்து இறங்கிய பனி இன்னும் முற்றத்தை விட்டுப் போகவில்லை. வெறுங்காலுக்குக் கூடத்துத் தரை சில்லென்றிருந்தது. வீடு முழுக்கப் பச்சை ஏலக்காய் வாசம்.

"வந்துட்டியா ராக்கு," என்றார் மச்சுவீட்டு ஆத்தா. என்னை உட்காரச் சொல்லவில்லை. தாமும் உட்காரவில்லை. துணியின் ஓரத்தைப் பிடித்தபடி நின்றார்.

"நீ நாலெழுத்துப் படிச்சவ. இந்தப் பிள்ள மூஞ்சியில என்ன இருக்குன்னு பாத்துச் சொல்லு. வர்ற வெள்ளிக்கிழம இத ஆத்துல விடணும்னு மதினி சொல்றாக."

மதினி என்று அவர் சொன்னது கம்பத்திலிருந்து வந்திருந்த நாத்தனாரை. அந்த அம்மாள் தூணில் சாய்ந்து உட்கார்ந்து வெற்றிலைக்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தார். தையில் அந்த வீட்டு மூத்த மகனுக்குக் கல்யாணம். புதுப்பெண் வலதுகால் வைத்து வரும் கூடத்தில், கோபமாக முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்கும் ஒரு செத்த பிள்ளையின் படம் இருக்கக் கூடாது என்பது அவர் கட்சி. கொட்டகுடி ஆற்றில் மஞ்சள் துணியோடு விட்டுவிட்டால் பிள்ளை குளிர்ந்து போய்விடும் என்றார்.

மச்சுவீட்டு ஆத்தா மறுத்துப் பேசவில்லையாம். அதுதான் எனக்கு ஆச்சரியம். அவருடைய ஒரே மகளின் படம் அது.

நான் யார் என்பது

இந்தத் தொடரை வாராவாரம் படிப்பவர்களுக்கு என் குடும்பத்தைத் தெரியும். புதிதாகக் கையில் எடுத்தவர்களுக்காக இரண்டு வரி சொல்லிவிடுகிறேன்.

என் அப்பா குரங்கணி வழியாக மலையேறி ஏலக்காய்ப் பொதி இறக்குகிறவர். அம்மா மச்சுவீட்டுக் களத்தில் உட்கார்ந்து காய்ந்த ஏலக்காய்க்குக் காம்பு கிள்ளுகிறவள். எங்கள் வம்சத்தில் தன் பெயரைத் தானே எழுதிய முதல் ஆள் நான். இதைப் பெருமைக்காகத்தான் சொல்கிறேன், வேறெதற்கும் இல்லை.

அந்த மார்கழியில் நான் மதுரையில் உபாத்தியாயினிப் பயிற்சியில் இருந்தேன். விடுமுறைக்குப் போடிக்கு வந்திருந்தேன். வந்த மறுநாளே மச்சுவீட்டிலிருந்து ஆள் வந்து கூப்பிட்டதற்குக் காரணம் என் படிப்பு மட்டும் அல்ல. அந்தப் படத்துக்கும் எனக்கும் பழைய சம்பந்தம் உண்டு.

ஊர் கூடி எழுதிய முகம்

பொன்னுத்தாய் என்பது அந்தப் பிள்ளையின் பெயர். ஆறு வயதில் காய்ச்சலில் போய்விட்டாள். காய்ச்சல் லேசாக இருந்த காலையில், மச்சுவீட்டு ஆத்தா சிலமலையில் தம் அண்ணன் வீட்டுக் காதுகுத்துக்குப் போனார். திரும்பி வந்தபோது பிள்ளைக்கு நினைவில்லை. முகம் சுவர்ப் பக்கம் திரும்பியிருந்தது. "பொன்னு, பொன்னு" என்று அவர் கூப்பிட்டும் திரும்பவே இல்லை என்று களத்தில் பெண்கள் பேசிக்கொள்வார்கள்.

அவளுக்குப் போட்டோப் படம் ஒன்றும் இல்லை. எடுக்க வேண்டுமானால் மதுரைக்குப் போகவேண்டும். போகலாம், போகலாம் என்று இருந்துவிட்டார்கள்.

அடுத்த பருவத்தில் ஊருக்கு ஒரு நாடகக் கம்பெனி வந்தது. அதில் திரை எழுதுகிற ஒருவர் இருந்தார். தர்பார் திரை, காட்டுத் திரை, தெருத் திரை எல்லாம் அவர் கைவேலை. மச்சுவீட்டு ஐயா அவரைப் பிடித்து, மகளை எழுதித் தரவேண்டும் என்றார். பார்க்காத பிள்ளையை எப்படி எழுதுவது? "உடம்புக்கு ஒரு பிள்ளையைக் கொடுங்கள். முகத்தை நீங்கள் சொல்லுங்கள்" என்றார் அவர்.

உடம்புக்குக் கிடைத்த பிள்ளை நான். எனக்கும் ஆறு வயது, அவள் வளத்தி, அதே உயரம். பொன்னுத்தாயின் பச்சைப் பட்டுப் பாவாடையை எனக்குக் கட்டி, அவள் அட்டிகையைக் கழுத்தில் போட்டு, கால் தரைக்கு எட்டாத ஒரு நாற்காலியில் ஏற்றி உட்காரவைத்தார்கள். எண்ணெய் கலந்த வர்ண வாடை இன்றைக்கும் எங்காவது வந்தால் எனக்குக் கால் தொங்குவது போல இருக்கும்.

முகத்தை ஊரே கூடிச் சொன்னது. மூக்கு தம்முடையது என்றார் ஐயா. நெற்றியும் காதும் தங்கள் பக்கம் என்றார் கம்பத்து நாத்தனார். மோவாய் தங்கள் குடும்பத்து மோவாய் என்று சிலமலையிலிருந்து தாய்மாமன் ஆள் அனுப்பினார். சிரித்தால் விழும் குழி வலது கன்னத்திலா, இடது கன்னத்திலா என்று ஒரு பகல் முழுக்க வழக்கு நடந்தது. திரை எழுதுகிறவர் வலப்பக்கம் போட்டார், அழித்தார், இடப்பக்கம் போட்டார், அழித்தார். கடைசியில் யாருக்கும் மனக்குறை வேண்டாம் என்று இரண்டு பக்கமும் போட்டுவிட்டார். உயிரோடிருந்த பிள்ளைக்கு ஒரு குழி. படத்தில் இரண்டு.

இத்தனை பேச்சிலும் ஒரு வார்த்தை சொல்லாதவர் மச்சுவீட்டு ஆத்தாதான். அவர் உள் அறையில் படுத்தே கிடந்தார்.

கடைசியாகக் கண். சிலைக்குக் கண் திறப்பதுபோல ஒரு நல்ல நாளில் விடிந்ததும் தேங்காய் உடைத்து, எல்லாரையும் கூடத்தை விட்டுப் போகச் சொல்லிவிட்டார் அவர். "கண்ணுக்குப் பஞ்சாயத்து வேண்டாம்" என்றார். கூடத்தில் அவரும் நானும்தான். என் அம்மா வாசலுக்கு வெளியே நின்றாள்.

அந்தக் கண் யாருடையது என்று பிற்பாடு யாரும் கேட்கவில்லை. படத்தைத் தூக்கி மாட்டியபோது நாத்தனார்தான் முதலில் அழுதார். "அப்படியே எங்க பொன்னுத்தாயி" என்றார். நான் உட்கார்ந்திருந்த இடத்துக்குப் பின்சுவரிலேயே ஆணி அடித்து மாட்டினார்கள்.

தை மாதத்துப் பாவாடை

எங்கள் பக்கத்தில் கல்யாணமாகாமல் ஒரு பெண் இறந்தால் அவள் அந்த வீட்டுக்குக் கன்னி ஆகிவிடுவாள். ஓலைப்பெட்டி ஒன்றில் அவளுக்குத் துணி இருக்கும். வருஷம் ஒருமுறை தையில் புதுப் பாவாடை வைத்துக் கும்பிட்டு, பழையதை ஒரு சிறு பெண்ணுக்குக் கொடுத்துவிடுவார்கள். மச்சுவீட்டுக் கன்னியின் பாவாடை வருஷா வருஷம் எனக்கு வந்தது. அங்கே மட்டும் ஒரு மாற்றம். கும்பிட்டு முடிந்த அன்றே, அந்தப் புதுப் பாவாடையையே எடுத்து எனக்குக் கட்டிவிடுவார்கள். பெட்டிக்குள் அடங்காமல் அதை மடித்துத் திணித்திருப்பார்கள். கும்பிடும் நேரத்தில் பெட்டி மூடி பாதி திறந்தே நிற்கும்.

கார்த்திகை பிறந்ததும் மச்சுவீட்டு ஆத்தா களத்துக்கு வருவார். என்னைக் கூப்பிட்டுத் தம் பக்கத்தில் நிறுத்தித் தலையில் ஒரு நிமிஷம் கை வைப்பார். ஆசீர்வாதம் என்று நினைத்துக்கொள்வேன்.

என் படிப்பும் அந்த வீட்டிலிருந்து வந்ததுதான். நாற்காலியில் உட்கார்ந்ததற்கு என்ன வேண்டும் என்று ஐயா கேட்டபோது, அம்மா ஒரு மரக்கால் நெல் என்று வாய் திறக்கப் போனாளாம். அதற்குள் உள் அறையிலிருந்து குரல் வந்தது. "அவளப் பள்ளிக்கூடத்துல விடச் சொல்லுங்க." அந்தத் துக்கத்தில் ஆத்தா பேசிய முதல் வார்த்தை அதுதான் என்பார்கள்.

பள்ளிக்கூடத்திலும் பிறகு மதுரையிலும், படம் பார்த்துப் பொருள் சொல்லும் பாடம் ஒன்று உண்டு. டீச்சரம்மா சுவரில் வர்ணப் படத்தை மாட்டுவார். வெள்ளைப் பூ என்றால் மாசில்லாத மனசு. ஆட்டுக்குட்டி என்றால் சாது. அணைந்த விளக்கு என்றால் முடிந்த ஆயுள். அந்தப் பாடத்தில் என்னை மிஞ்ச ஆள் இல்லை. மற்றப் பெண்கள் விளக்கைப் பார்க்கும்போது நான் விளக்கின் புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்ப்பேன்.

முந்தின சாயங்காலம்

மச்சுவீட்டு ஆள் வந்து சொல்லிப் போனதும் அம்மா ஏலக்காய் முறத்தைக் கீழே வைத்தாள். எதற்காகக் கூப்பிடுகிறார்கள் என்று அவளுக்குக் களத்துப் பேச்சிலேயே தெரிந்திருந்தது.

"கண்ணப் பத்திக் கேட்டா என்ன சொல்லுவ?"

உள்ளதைச் சொல்வேன் என்றேன்.

"கிறுக்கி. கண்ணு என்னோடதுன்னு நீ சொன்னா, அப்ப அது எங்க பிள்ளயே இல்லயேன்னு சொல்லி நாளைக்கே ஆத்துல போட்டுருவாக. அந்த ஆத்தாளுக்குன்னு இருக்கது அது ஒண்ணுதான். சாமியப் பாக்குதுன்னு சொல்லிட்டு வெரசா வந்து சேரு."

அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் அவள் சொன்னதில் தப்புக் கண்டுபிடிக்க முடியவில்லை. இரவு முழுக்க ஒரு நல்ல வாக்கியம் தயார் செய்தேன். ‘குழந்தை இவ்வுலகத்தை விட்டுப் பரலோகத்தை நோக்குகிறது.’ டீச்சரம்மா கேட்டிருந்தால் மெச்சியிருப்பார்.

துணியை எடுத்தபின்

ஆத்தா துணியை விலக்கினார்.

பல வருஷம் பார்த்துப் பழகிய படம்தான். ஆனாலும் அன்று பரீட்சைக்குப் பார்ப்பது போலப் பார்த்தேன். சிவப்புத் திரைச்சீலை, பெரிய தூண், பின்னால் தாமரைக் குளம், அதில் இரண்டு அன்னப் பறவைகள். கிளி ஒன்று தாங்கியில் உட்கார்ந்து வேறெங்கோ பார்க்கிறது. நடுவில் பச்சைப் பாவாடைப் பெண். உதட்டை இறுக்கி மூடியிருக்கிறாள். இடது கை மடியில் முஷ்டியாக மூடியிருக்கிறது. கண் எதிரே நிற்கிறவரை விட்டுப் பக்கவாட்டில் போகிறது.

நாத்தனாரே முந்திக்கொண்டார். "இதுக்குப் படிப்பு எதுக்கு? வாய மூடியிருக்கா, ஆத்தாகூடப் பேச மாட்டேங்கிறா. கைய மூடியிருக்கா, தர மாட்டேங்கிறா. மூஞ்சியத் திருப்பியிருக்கா. காச்சல்ல விட்டுட்டுப் போனவளப் பாக்கப் பிடிக்கல. கண்ணிருக்கவுகளுக்குத் தெரியும்."

மச்சுவீட்டு ஆத்தா விலக்கிய துணியைப் பிடித்தபடியே நின்றார். அந்தப் பொருளை அவர் பல வருஷம் முன்பே தாமாகப் படித்துவிட்டார் என்று அவர் நின்ற விதத்திலேயே தெரிந்தது. அதனால்தான் ஆற்றுக்கு அவர் மறுப்புச் சொல்லவில்லை. பிள்ளைக்குத் தம்மைப் பார்க்க விருப்பமில்லை என்றால் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளத் தமக்கு உரிமை இல்லை என்று நினைத்திருக்கிறார்.

நான் குளத்தில் தொடங்கினேன். அது கைலாசம் என்று ஊரில் சொல்வார்கள், அப்படி இல்லை, அது நாடகத்துத் தோட்டத் திரையில் வருகிற குளம், அவருக்குக் கை பழகிய குளம் அதுதான் என்றேன். தூணும் தர்பார் திரையில் உள்ள தூண். கிளி உயிர் என்பார்கள்...

"மதுரையில இதத்தான் சொல்லித் தர்றாகளா? வெத்தல போட்டுக்கிட்டே நான் சொல்லிருவேன்," என்றார் நாத்தனார்.

"கொளத்தையும் கிளியையும் விடு ராக்கு," என்றார் ஆத்தா. "கண்ணச் சொல்லு. அது ஏன் என்னயப் பாக்க மாட்டேங்குது?"

பரலோக வாக்கியம் நாக்கு நுனிவரை வந்தது. அவர் முகத்தைப் பார்த்தேன். பத்துப் பன்னிரண்டு வருஷமாக ஊரார் எல்லாரும் அவருக்குச் சாமியைத்தான் சொல்லியிருப்பார்கள். அதற்கு நான் தேவையில்லை.

"ஆத்தா, அந்த உள் அறை வாசல்ல போயி நில்லுங்க," என்றேன்.

அவர் புரியாமல் போய் நின்றார். ஒரு கை நிலைப்படியைப் பிடித்துக்கொண்டது. அந்தப் பிடியைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் கண்முன் வந்துவிட்டது.

"நல்லாப் பாருங்கம்மா," என்று நாத்தனாரையே கூப்பிட்டேன். "பிள்ள இப்ப எங்க பாக்குது?"

நாத்தனார் படத்தைப் பார்த்தார். படத்தின் பார்வை போகிற வழியே அவர் கண் கூடத்தைக் கடந்து போனது. அது போய் நின்ற இடத்தில் மச்சுவீட்டு ஆத்தா நின்றுகொண்டிருந்தார். நாத்தனாரின் வாயில் வெற்றிலை அரைபடுவது நின்றது.

எங்கே நின்று பார்த்தாலும் எழுதிய கண் பக்கவாட்டில் போவதாகத்தான் தோன்றும். அங்கே நிற்கிறவருக்கு அது தெரியாதல்லவா? "எங்க பாக்குது?" என்று கேட்டார் ஆத்தா.

"ஒங்களத்தான்."

பிறகு சொன்னேன். கண் எழுதிய அன்று விடியற்காலையில் எனக்குப் பசி. திரை எழுதுகிறவர் அசையாதே, அசையாதே என்கிறார். அப்போது உள் அறைக் கதவு திறந்தது. ஆத்தா தலைமுடி கலைந்து, சுவரைப் பிடித்துக்கொண்டே வந்தார். யாரிடமும் பேசவில்லை. என்னிடம் வந்து என் இடது கையில் ஒரு துண்டுக் கருப்பட்டியை வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிவிட்டார். திரும்பப் போய் அந்த நிலைப்படியில் நின்றார். கையில் ஒரு ரோஜாப்பூவைப் பிடிக்கச் சொல்லித் திரை எழுதுகிறவர் கெஞ்சிப் பார்த்தார். நான் கையைத் திறக்கவே இல்லை. வாயில் எச்சில் ஊறி ஊறி வந்தது. வழிந்துவிடக் கூடாதே என்று உதட்டை இறுக்கிக்கொண்டேன். தின்னலாமா என்று ஆத்தா கண்ணைக் காட்டுவார் என்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அந்தப் பார்வையத்தான் அவர் எழுதிட்டார் ஆத்தா. கோவமெல்லாம் இல்ல. கையில இருக்கது நீங்க குடுத்தது."

"நானா குடுத்தேன்?" என்றார். அவருக்கு நினைவே இல்லை. அந்த நாட்களில் எதுவுமே நினைவில்லை என்று மெதுவாகச் சொன்னார்.

இனி மீதியைச் சொல்லாமல் தீராது. அம்மாவின் முகம் வந்து போனது.

"கண்ணு என்னோடது ஆத்தா," என்றேன்.

"ஆங், பாத்தியா வேலுத்தாயி," என்று ஆத்தாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே நாத்தனார் எழுந்தார். "அவ வாயாலேயே சொல்லிட்டா. அப்ப இது நம்ம பிள்ளயே இல்ல."

மச்சுவீட்டு ஆத்தா நிலைப்படியை விட்டு நகரவில்லை.

"கண்ணு இவளோடதுன்னு எனக்குத் தெரியாதா மதினி? நான் பெத்தவ. அந்தக் கண்ணு எதக் கேக்குதுன்னுதான் தெரியல." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "பொன்னுத்தாயி ஆறு வயசுல நின்னுட்டா. அவளுக்கு எதுக்கு வருசா வருசம் ரெண்டு விரல் கூட்டிப் பாவாட? பெட்டியில அடங்க மாட்டேங்குது, சின்னதாத் தையின்னு நீங்களே எத்தன தடவ வஞ்சிருக்கீக. நான் யாரு வளத்திக்குத் தச்சேன்?"

என் தலையில் கார்த்திகை தோறும் ஒரு நிமிஷம் இருந்த அந்தக் கை. அது எதை அளந்தது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. படம் பார்த்துப் பொருள் சொல்வதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று இருந்தேன்.

நாத்தனார் படத்தின் கிட்டே போனார். பிறகு எக்கி அந்த மஞ்சள் துணியை இழுத்து எடுத்து, உதறி, நாலாக மடித்தார்.

"துணி நல்ல துணி. கல்யாணத்துக்கு அட்சத அரிசி முடிஞ்சு வைக்க ஆகும்," என்று சொல்லிவிட்டு எச்சில் துப்பக் கொல்லைப்பக்கம் போனார்.

கூடத்தில் நாங்கள் இரண்டு பேர்.

"அந்தக் கருப்பட்டியத் தின்னியா?" என்று கேட்டார் ஆத்தா.

"இல்ல. நீங்க கண்ணக் காட்டவே இல்ல. கையிலயே கரஞ்சு பாவாடையெல்லாம் பிசுபிசுன்னு ஆயிருச்சு. பட்டக் கெடுத்துட்டேன்னு வீட்டுல அம்மா அடிச்சா."

அவர் சிரித்ததை நான் அன்றுவரை பார்த்ததில்லை. வலது கன்னத்தில் ஒரு குழி விழுந்தது. ஒன்றுதான்.

அடுக்களைக்குள் போனார். பானை மூடி விலகும் சத்தம் கேட்டது. வந்து, என்னை உள் அறை வாசலில் தாம் நின்ற இடத்திலேயே இழுத்து நிறுத்தி, என் இடது கையில் ஒரு துண்டு வைத்தார். இந்தத் தடவை விரலை மடக்கவில்லை.

"தின்னு," என்றார்.

அங்கேயே நின்று தின்றேன். ஆத்தாவும் படத்துப் பிள்ளையும், இரண்டு பேரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.